செராமிக் இம்பிளான்ட்டுக்கு மேல் எலும்புச் சத்தைப் பூசிவிட்டால் போதுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பல் போன இடத்தில் சிர்கோனியா என்ற செராமிக்கால் ஆன இம்பிளான்ட் வைக்கலாம் என்கிறார் டாக்டர். செராமிக் எலும்போடு ஒட்டவே ஒட்டாது என்று வேறொருவர் பயமுறுத்துகிறார். எலும்பில் இருக்கிற ஹைட்ராக்சிஅபடைட்டையே அதன் மேல் பூசிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? இருக்கிற பூச்சுகளில் எது நல்லது?

தீராது. பூச்சு என்று ஒன்றைப் போட்டவுடன் ஒரு ஒட்டு இரண்டாகிவிடுகிறது. எலும்புக்கும் பூச்சுக்கும் நடுவே ஒன்று, பூச்சுக்கும் செராமிக்குக்கும் நடுவே இன்னொன்று. எலும்பைக் கவர்ந்து இழுக்கும் பொருள் எது என்பது பெரும்பாலும் தெரிந்துபோன விஷயம், ஐம்பது வருட ஆராய்ச்சி அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பொருளைச் செராமிக்கின் மேல் கழன்று வராமலும், செராமிக்கின் பலத்தைக் கெடுக்காமலும் நிற்க வைப்பதில்தான் எல்லோரும் முட்டி மோதுகிறார்கள். எனக்குப் பழக்கம் பூச்சு வேலையில். அதனால் இந்த இரண்டாவது ஒட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் அந்த "ஒட்டாது" என்ற பேச்சு. அது பாதி உண்மை. அலுமினா, சிர்கோனியா என்ற இரண்டு செராமிக்குகளும் உடலுக்குள் கரைவதில்லை, எதையும் வெளியே விடுவதுமில்லை. உடலும் அவற்றோடு ரசாயன உறவு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்து, இம்பிளான்ட்டும் ஆடாமல் இருந்தால், எலும்பு அதன் பள்ளம் மேடுகளுக்குள் வளர்ந்து கவ்விக்கொள்ளும். பிராணெமார்க் என்ற மருத்துவர் 1965ல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்கு வைத்த டைட்டானியம் இம்பிளான்ட் நின்றதும் பெரும்பாலும் இந்தக் கவ்வலால்தான். ஆடினால் கதை வேறு. ஆட்டம் சுமார் 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து இம்பிளான்ட்டைச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் அது என்றைக்கும் இறுகாது. 150 மைக்ரான் என்பது ஒன்றிரண்டு தலைமுடி கனம்தான்.

இடுப்பு மூட்டின் வரலாற்றைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1970ல் பிரான்ஸில் பியர் புத்தென் என்ற மருத்துவர் முதன்முதலாக அலுமினாவோடு அலுமினா உரசும் இடுப்பு மூட்டை வைத்தார். 1974ல் ஜெர்மனியில் மிட்டல்மையர் என்ற மருத்துவர், சிமென்ட் எதுவும் இல்லாமல், மரையுள்ள அலுமினாக் கிண்ணத்தை நேராக இடுப்பெலும்பில் திருகி வைத்தார். தேய்மானத்தில் அலுமினாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தக் கிண்ணங்களுக்கு வந்த பெரிய வினை, எலும்பிலிருந்து தளர்ந்துபோனதுதான். வழவழப்பான, வளையாத, ரசாயன ஒட்டும் இல்லாத ஒரு பொருளை எலும்பு பிடித்துக்கொள்ளவில்லை. பொறியாளர்கள் கண்டுபிடித்த தீர்வு சாமர்த்தியமானது: எலும்பைத் தொடுகிற வேலையைச் செராமிக்கிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். இன்றைக்குச் "செராமிக் இடுப்பு" என்று வைப்பதில் எலும்பைத் தொடுவது சொரசொரப்பான டைட்டானியக் கிண்ணம். செராமிக் அதற்குள் செருகிய உள்கிண்ணமும் அதில் சுழலும் பந்தும் மட்டுமே.

பல்லில் அந்த வசதி கிடையாது. சுமார் 4 மில்லிமீட்டர் விட்டத்தில் உலோக உறை, அதற்குள் செராமிக் என்று அடுக்க இடமில்லை. செராமிக்தான் எலும்பைத் தொட்டாக வேண்டும். 1976ல் ஜெர்மனியின் டியூபிங்கனில் வந்த அலுமினாப் பல் இம்பிளான்ட்டுகளை எலும்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் அவை உடைந்தன, அதனாலேயே மறைந்தும் போயின. அந்த இடத்துக்கு, 3 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியா வந்தது. விரிசலின் முனையில் அதன் படிகங்கள் வடிவம் மாறி, சுமார் 4 சதவீதம் பருத்து, விரிசலை நெருக்கி மூடும். அலுமினாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வளைவு வலிமை அதற்கு வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் படிக மாற்றத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதுவே எமனாகத் திரும்பி வரும்.

சரி, ஹைட்ராக்சிஅபடைட்டுக்கு வருவோம். எலும்பின் கனிமப் பகுதிக்கு மிக நெருக்கமான கால்சியம் பாஸ்பேட் இது. கால்சியமும் பாஸ்பரஸும் 1.67க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். உலோகத்தின் மேல் இது நன்றாகவே வேலை செய்கிறது. 1986ல் பிரான்ஸின் லியோன் குழு ஒன்று உருவாக்கிய கொராய் என்ற, தொடையெலும்புக்குள் செருகும் இடுப்பு மூட்டுத் தண்டு டைட்டானியக் கலவையால் ஆனது. அதன் மேல் சுமார் 150 மைக்ரான் ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு. இன்றும் உலகெங்கும் வைக்கிறார்கள். இம்பிளான்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும் இந்தப் பூச்சு எலும்பை அழைத்து நிரப்ப உதவும். வருடங்கள் போகப்போகப் பூச்சு மெல்லக் கரைந்து, அந்த இடத்தை எலும்பே எடுத்துக்கொள்ளும். அதில் தவறொன்றும் இல்லை.

அதையே சிர்கோனியா மேல் போட்டால் என்ன? பூச்சு எப்படி விழுகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். வழக்கமான முறை பிளாஸ்மா ஸ்பிரே. ஆர்கானும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் மின்வில் எரியும். அதன் நடுப்பகுதி வெப்பம் 10,000 டிகிரியைத் தாண்டும். அதற்குள் பொடியை ஊதினால் ஒவ்வொரு துகளும் கண நேரத்தில் உருகி, எதிரே இருக்கும் பொருளில் மோதித் தட்டையான வில்லையாக ஒட்டி உறையும். வில்லைக்கு மேல் வில்லையாக அடுக்கி வருவதுதான் பூச்சு. இதில் ஒரு வஞ்சகம் உண்டு. முதலில் விழும் வில்லை குளிர்ந்த பரப்பில் மோதுவதால் மிக வேகமாக உறைகிறது. படிகமாக அடுக்கிக்கொள்ள அதற்கு நேரமே இல்லை, கண்ணாடி மாதிரி ஒழுங்கற்ற நிலையிலேயே நின்றுவிடும். அந்த ஒழுங்கற்ற கால்சியம் பாஸ்பேட் உடல் திரவத்தில் சீக்கிரம் கரையும். ஆக, எளிதில் கரையும் பகுதி பூச்சின் அடிவாரத்திலேயே, சரியாக இரண்டாவது ஒட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. உலோகத்திலும் இந்தக் குறை உண்டு, ஆனால் மணல் அடித்து ஆழமாகச் சொரசொரப்பாக்கிய டைட்டானியத்தில் பூச்சு கொக்கி போட்டுக்கொண்டு நிற்கும். சிர்கோனியாவை அந்த அளவுக்கு அடிக்க முடியாது, அடித்தால் விரிசல் விழும்.

அடுத்தது வெப்ப விரிவு. ஹைட்ராக்சிஅபடைட் சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் சிர்கோனியாவைவிடக் கணிசமாக அதிகம், அலுமினாவோடு ஒப்பிட்டால் இன்னும் அதிகம். சூடாகப் பூசி ஆறவிட்டால் பூச்சு சுருங்கப் பார்க்கும், அடியிலிருப்பது விடாது. பூச்சு இழுபட்டு வெடிக்கும். பழைய பீங்கான் கோப்பையின் பளபளப்புக்குள் வலை வலையாகத் தெரியும் மெல்லிய வெடிப்புக்கும் காரணம் இதே இழுபறிதான். கோப்பையில் அது அழகு, தாடையெலும்புக்குள் அப்படிச் சொல்ல முடியாது.

ஸ்பிரே வேண்டாம், பொடியைக் குழம்பாக்கிப் பூசி உலையில் சுடலாமே என்று தோன்றும். சுட்டால் ரசாயனம் குறுக்கே வருகிறது. 1,100, 1,200 டிகிரி வாக்கில் ஹைட்ராக்சிஅபடைட்டின் கால்சியம் சிர்கோனியாவுக்குள் நுழைய ஆரம்பிக்கும். கால்சியத்தை இழந்த பூச்சு, சீக்கிரம் கரையும் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டாகச் சிதையும். கால்சியத்தை வாங்கிய சிர்கோனியா, விரிசலை மூடும் குணமில்லாத வேறு படிகமாக மாறும். இரண்டு பக்கமும் நஷ்டம். சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு அழகான மாற்று காட்டினார்கள். நடுவே ஃபுளோரபடைட் (ஃபுளோரின் உள்ள அபடைட்) அடுக்கு ஒன்றை வைத்தால், அது சூட்டைத் தாங்கும், சிர்கோனியாவோடு அவ்வளவாக வினைபுரியாது. அதற்கு மேலே ஹைட்ராக்சிஅபடைட் பத்திரமாக இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நன்றாக இருந்த யோசனைதான். ஆனால் ஒரு பூச்சு இரண்டானதும் ஒட்டு மூன்றாகிவிட்டதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

பூச்சு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பார்கள்? ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் பூச்சு போட்டு, அதன் மேல் இன்னோர் உருளையை எபாக்சிப் பசையால் ஒட்டி, இயந்திரத்தில் கட்டி இழுப்பார்கள். அறுவை சிகிச்சைக்கான ஹைட்ராக்சிஅபடைட் பூச்சுக்கு ஐஎஸ்ஓ தரம் கேட்பது குறைந்தது 15 மெகாபாஸ்கல். எண்ணைவிட முக்கியமானது உடைந்த முகம். பசையே கிழிந்திருந்தால் பூச்சின் உண்மையான பலம் அந்த எண்ணுக்கும் மேலே. பூச்சு முழுசாகப் பெயர்ந்து வந்து அடிப்பொருள் வெறுமையாக நின்றால், எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒட்டு மோசம். டைட்டானியத்தில் பெயர்ந்த இடம் சாம்பல் நிறமாகப் பளிச்சென்று தெரியும். சிர்கோனியாவும் வெள்ளை, பூச்சும் வெள்ளை, வெறுங்கண்ணால் ஒன்றும் புரியாது. எலக்ட்ரான் நுண்நோக்கியில் வைத்து, அந்த இடத்தில் கால்சியம் இருக்கிறதா, சிர்கோனியம் மட்டும்தானா என்று எக்ஸ்-கதிர் நிறமாலையில் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இன்னொன்று: காய்ந்த நிலையில் எடுத்த எண்ணை நம்பவே கூடாது. உடல் திரவம் மாதிரியான கரைசலில் சில வாரம் ஊறவைத்து மறுபடி இழுத்தால் வரும் எண்தான் பேச வேண்டிய எண். அது பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் முதல் எண்ணை மட்டும் பார்த்தால் நான் அடுத்த பக்கம் புரட்டுவதில்லை.

பயோகிளாஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதைச் சொல்லாமல் விடமுடியாது. 1969ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கிய கண்ணாடி இது. எடையில் 45 சதவீதம் சிலிக்கா, சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5, பாஸ்பரஸ் ஆக்சைடு 6. உடல் திரவம் பட்டதும் சோடியம் வெளியேறும். பரப்பில் சிலிக்கா ஜெல்லாகும். அதன் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்புக் கனிமத்தைப் போன்ற கார்பனேட் கலந்த அபடைட்டாகப் படிகமாகும். எலும்பின் புரத இழையான கொலாஜன் அதில் வந்து பின்னிக்கொள்ளும். எலும்போடு உண்மையாகவே ரசாயன ஒட்டு உண்டாகிறது என்று காட்டிய முதல் செயற்கைப் பொருள் இதுதான்.

இதைச் செராமிக் மேல் எனாமல் போல உருக்கிப் பூசலாம். சிக்கல் மறுபடியும் வெப்ப விரிவில். ஹென்ச்சின் கண்ணாடி சிர்கோனியாவைவிட மிக அதிகமாகச் சுருங்கும், வெடித்துவிடும். சுருக்கத்தைக் குறைக்கச் சுலபமான வழி சிலிக்காவைக் கூட்டுவது. ஆனால் சிலிக்கா சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் கண்ணாடி எலும்போடு ஒட்டுவதையே நிறுத்திவிடும், வெறும் ஜன்னல் கண்ணாடி ஆகிவிடும். செராமிக்கோடு ஒத்துப்போகும் கண்ணாடி எலும்போடு ஒத்துப்போகாது, எலும்போடு போவது செராமிக்கோடு போகாது. நடுவே ஒரு ஒடுக்கமான சந்து இருக்கிறது. சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துப் பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்த்து, சிலிக்காவை அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்தி அதற்குள் நுழையப் பார்க்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த இழுபறி இது. எலும்பின் உயிரியலும் உலையின் இயற்பியலும் ஒரே சதவீதத்துக்காகச் சண்டை போடும் இடம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக இல்லை.

சூடே இல்லாமல் பூசும் முறைகளும் உண்டு. அயனிகளால் ஒரு பொருளை அடித்து அணு அணுவாகப் படியவைக்கும் ஸ்பட்டரிங் முறையில் ஒரு மைக்ரான், அதற்கும் குறைவான படலம் போடலாம். மெல்லிய படலத்தில் வெடிக்கும் அளவுக்கு இழுவிசை சேராது. ஜப்பான் ஆய்வாளர் அகெடோ உருவாக்கிய ஏரோசால் முறையில், பொடியை அறை வெப்பத்திலேயே வேகமாகப் பாய்ச்சினால், மோதும் அதிர்ச்சியிலேயே துகள்கள் நொறுங்கி இறுகும். உருகுவதே இல்லை. ஹைட்ராக்சிஅபடைட்டை இப்படிச் சிர்கோனியா மேல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பூச்சு முறைகளில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். ஆனால் இம்பிளான்ட்டில் திருகு மரை இருக்கிறது, மரையின் பள்ளத்திலும் முகட்டிலும் ஒரே சீராக விழச் செய்வது லேசான வேலை இல்லை.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கொகுபோ வடிவமைத்த செயற்கை உடல் திரவத்தில் ஊறப்போட்டு, அபடைட்டைத் தானாக வளர வைக்கும் முறை இன்னொன்று. ரத்தப் பிளாஸ்மாவில் உள்ள உப்புகளை ஏறக்குறைய அதே அளவில் கலந்து, 36.5 டிகிரியில் வைப்பார்கள். சிர்கோனியாவை முதலில் அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்து, பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகளை உண்டாக்கினால் அபடைட் முளைக்கும். இந்தத் திரவத்தைச் சோதனையாகவும் பயன்படுத்துகிறார்கள், அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அதில் புரதமும் இல்லை, செல்லும் இல்லை. "எங்கள் பூச்சில் அபடைட் முளைத்தது, ஆகவே எலும்பு ஒட்டும்" என்று யாராவது எழுதினால், அந்த "ஆகவே"யை அடித்துவிட்டுப் படியுங்கள்.

இவ்வளவு தொல்லையைப் பார்த்துவிட்டுப் பல் இம்பிளான்ட் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் எடுத்த முடிவு: பூச்சே வேண்டாம். மணல் அடித்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அரித்து, சிர்கோனியாவின் சொந்த முகத்தையே சொரசொரப்பாக்குகிறார்கள். கழன்று வர ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஒட்டு ஒன்றே ஒன்று. சிலர் சிர்கோனியாக் குழம்பில், சூட்டில் எரிந்துபோகும் துகள்களைக் கலந்து பூசி, சுட்டு, துளைகளுள்ள சிர்கோனியா அடுக்கை உண்டாக்கினார்கள். பூச்சும் அடிப்பொருளும் ஒன்றே என்பதால் விரிவுச் சண்டை கிடையாது. வேறு சிலர் உருகிய கண்ணாடியைச் சிர்கோனியாவின் நுண்படிக மணிகளுக்கு நடுவே புகவிட்டு, பிறகு அமிலத்தால் கரைத்தெடுத்து, நானோ அளவில் துளை போட்டார்கள்.

இங்கேதான் முன்பு சொன்ன படிக மாற்றம் எமனாகிறது. விரிசலை மூடும் அதே மாற்றத்தைத் தண்ணீரும் மெதுவாகக் கிளப்பிவிடும். பரப்பிலிருந்து உள்ளே ஒவ்வொரு மணியாகப் பருத்து, நுண்விரிசல் விழும். இதைச் சிர்கோனியாவின் முதுமை என்கிறார்கள். மணல் அடிப்பதும், அரிப்பதும், துளை போடுவதும் தண்ணீருக்குப் புதுக் கதவுகளைத் திறந்துவிடும். தயாரிப்பில் ஒரு சின்ன மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு இடுப்பு மூட்டில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஒரு நிறுவனம் சிர்கோனியா மூட்டுத் தலைகளைச் சுடும் உலையை மட்டும் மாற்றியது. சில வருடங்களுக்குள் நூற்றுக்கணக்கான தலைகள் உடலுக்குள் உடைந்தன. 2001ல் அந்தத் தொகுதிகள் திரும்பப் பெறப்பட்டன, இடுப்பில் தனிச் சிர்கோனியாவின் காலம் ஏறக்குறைய அதோடு முடிந்தது. ஆகவே பரப்பை மாற்றிய எந்தச் சிர்கோனியாவையும் எலும்புப் பிடிப்புக்கு மட்டும் சோதித்தால் போதாது. முதுமையாக்கி, மறுபடி மறுபடி சுமை ஏற்றியும் பார்க்க வேண்டும்.

எதையும் பூசாமல், அரிக்காமல் செய்யும் ஒரு காரியமும் உண்டு. புதிதாகச் சுத்தம் செய்த சிர்கோனியாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் படர்ந்து பரவும். சில வாரம் காற்றில் கிடந்த துண்டில் அதே சொட்டு உருண்டு நிற்கும். காற்றிலிருக்கும் கார்பன் அசுத்தம் படிந்ததுதான் காரணம். இம்பிளான்ட்டில் ரத்தம் பட்ட சில நொடிகளிலேயே புரதங்கள் படிந்துவிடும், பின்னால் வரும் செல்கள் பார்ப்பது அந்தப் புரதப் படலத்தைத்தான். அதனால் தண்ணீர் பரவுவதும் உருள்வதும் சின்ன விஷயமில்லை. புற ஊதா ஒளி கொஞ்ச நேரம் காட்டினால் அசுத்தம் நீங்கிப் பழைய குணம் திரும்பும். சிர்கோனியாவின் நிறம் லேசாக மாறக்கூடும், எலும்புக்குள் இருக்கும் பகுதிக்கு அதனால் என்ன? எலும்பு வளர்ச்சிப் புரதங்களை மேலே ஒட்டி அனுப்பும் முயற்சிகளும் நடக்கின்றன. கிருமிநீக்கத்தையும் அலமாரியில் காத்திருப்பதையும் அந்தப் புரதங்கள் தாங்க வேண்டுமே என்பதால் நான் அவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

இடுப்பில் சமீபத்தில் நடந்த ஒரு திருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். உலோகத்தோடு உலோகம் உரசிய மூட்டுகள் கோபால்ட்டை உடலில் கலந்து பெயரைக் கெடுத்துக்கொண்ட பிறகு, முழுச் செராமிக்கில் மெல்லிய மூட்டுக் கவசம் (தொடையெலும்புத் தலையை வெட்டி எடுக்காமல் அதன் மேல் மாட்டும் தொப்பியும், அதற்கான கிண்ணமும்) செய்யும் வேலை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்தது. 2017ல் நோயாளிகளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். கிண்ணம் மெல்லியது, உலோக உறைக்கு இடமில்லை, அதாவது மிட்டல்மையரின் அதே நிலைமை. அவர்கள் செய்தது: செராமிக் மேல் முதலில் டைட்டானியத்தை ஸ்பிரே செய்து, அதற்கு மேல் ஹைட்ராக்சிஅபடைட். டைட்டானியம் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அதன் சொரசொரப்பில் மேல்பூச்சும் கொக்கி போட்டுக்கொள்ளும். செராமிக்கைக் காப்பாற்ற உலோகத்தைத்தான் மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், ஹைட்ராக்சிஅபடைட் பூசிய சிர்கோனியாப் பல் இம்பிளான்ட்டைத் தேடி அலைய வேண்டாம். மணல் அடித்து அமிலத்தில் அரித்த பரப்பு போதும். டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு. பரப்பு எப்படிச் செய்யப்பட்டது, அதே பரப்போடு முதுமையாக்கிச் சுமைச் சோதனை நடந்திருக்கிறதா, இம்பிளான்ட் ஒரே துண்டா இரண்டு துண்டா. ஒரே துண்டு என்றால் ஈறுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை முதல் சில மாதங்கள் நாக்கும் மெல்லும் பல்லும் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த 150 மைக்ரான் கணக்கு அங்கே வந்துவிடும். தற்காலிகப் பல் வைத்தால் அது எதிர்ப் பல்லில் இடிக்காதபடி குறைத்துவிடச் சொல்லுங்கள். புகை பிடிப்பவராக இருந்தாலோ சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, மேலே எழுதிய எல்லாப் பூச்சுகளையும்விட அதைச் சரிசெய்வதுதான் உங்கள் எலும்புக்கு அதிகம் உதவும்.